டிஜிட்டல் பதிவுக்கு ஹெட்போன் ஒயர் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் பழைய ஒலிப்பதிவுகளைக் கணினியில் ஏற்றுவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். கேசட்டைப் பற்றி அதில் சொன்னதெல்லாம் சரி, டேப் ரெக்கார்டரில் நாடா உரசுகிற தலையை ஸ்பிரிட் போட்டுத் துடைக்கச் சொன்னது வரைக்கும் சரி. ஆனால் கடைசிப் பத்தியில் வாய்ஸ் ரெக்கார்டர், சிடி, மினிடிஸ்க் (சோனியின் சின்ன ஒலித்தட்டு) எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, "இவற்றையும் இதேபோல ஹெட்போன் துளையிலிருந்து கணினிக்கு ஒயர் கொடுத்து ஆடாசிட்டியில் பதிவு செய்துகொள்ளலாம்" என்று எழுதிவிட்டார் கட்டுரையாளர். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம். பேப்பரில் போட்டிருக்கிறது என்றால் எங்கள் பக்கத்தில் அப்படியே செய்துவிடுவார்கள், செய்து முடித்த கையோடு ரெக்கார்டரில் இருப்பதை அழித்தும் விடுவார்கள்.

கேசட்டில் இருப்பது காந்தத் துகள்களில் பதிந்த ஒலி அலை. அதை ஓடவிட்டு, கணினியில் புதிதாகப் பதிவதைத் தவிர வேறு வழியே கிடையாது. சிடியில் அப்படியில்லை, ஒரு நொடிக்கு 44,100 முறை அளந்து எழுதிய எண்கள் ஏற்கெனவே அதில் இருக்கின்றன. ரெக்கார்டரிலும் மினிடிஸ்க்கிலும் இருப்பதும் எண்கள்தான். எண்களை எண்களாகவே எடுத்துக்கொண்டால் அசலும் நகலும் ஒன்று. ஹெட்போன் ஒயர் வழியாகக் கொண்டுபோனால் அந்த எண்கள் முதலில் ஒலியாக மாறி, ஒயரில் ஓடி, லேப்டாப்பின் மலிவான மைக் துளைக்குள் போய், மறுபடி எண்களாக மாறுகின்றன. ஜெராக்ஸை மறுபடி ஜெராக்ஸ் எடுப்பது மாதிரி. சார்ஜர் போட்டிருந்தால் கரண்டின் ரீங்காரம் கூடவே வரும். பல லேப்டாப்களில் மைக் துளை மோனோ, ஸ்டீரியோ பதிவின் ஒரு பக்கம் போய்விடும். நடுவில் ஏதாவது நோட்டிபிகேஷன் வந்தால் அந்த 'டிங்' சத்தம் காலத்துக்கும் பாட்டோடு சேர்ந்துவிட வாய்ப்புண்டு. இதையெல்லாம் விட மோசமானது, பல லேப்டாப்களில் தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும் இரைச்சல் நீக்கும் வசதி. அது வீடியோ காலில் பேசுகிறவர் குரலுக்காகச் செய்தது. வில்லுப்பாட்டுப் பதிவை அதன் வழியே விட்டால் குடத்தையும் உடுக்கையையும் இரைச்சல் என்று எடுத்துக்கொண்டு அமுக்கிவிடும், கதை பாடுகிற அண்ணாவியின் குரல் மட்டும் கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரிக் கேட்கும்.

சரி, அப்படியானால் எந்த மென்பொருள்? கட்டுரையாளர் ஆடாசிட்டியில் தொடங்கி ஆடாசிட்டியிலேயே முடித்துவிட்டார். அது நல்ல மென்பொருள், இலவசம், 2000ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது, நானும் அதைத்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் அது வெட்டவும் ஒட்டவும் கேட்டுத் திருத்தவும் உள்ள கருவி. பதிவை வெளியே எடுக்கும் வேலைக்கு எந்த மென்பொருள் வேண்டும் என்பதைக் கையில் இருக்கும் கருவிதான் தீர்மானிக்கிறது. அது தன் கோப்பை எந்த வடிவத்தில், எந்த வழியில் வெளியே விடுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

பாதிப் பேருக்கு மென்பொருளே தேவைப்படாது. ரெக்கார்டரை யூஎஸ்பியில் செருகினால் பென் டிரைவ் போலத் திரையில் வந்து நிற்கிறதா? அவ்வளவுதான், உள்ளே இருக்கும் டபிள்யூஏவி (சுருக்காத ஒலிக் கோப்பு) அல்லது எம்பி3 கோப்புகளை அப்படியே இழுத்துக் கணினியில் போட்டால் வேலை முடிந்தது. மைக் செட்காரர்களும் ஆய்வு மாணவர்களும் வைத்திருக்கும் ஜூம், டாஸ்காம் கம்பெனி ரெக்கார்டர்களெல்லாம் இந்த வகை. பழைய ரெக்கார்டர் பலவற்றுக்கு மினி யூஎஸ்பி ஒயர் வேண்டும், போன் ஒயர் சேராது. சேர்கிற ஒயர் கிடைத்தாலும் அது சார்ஜ் மட்டும் ஏற்றுகிற ஒயராக இருந்தால் கணினிக்கு ரெக்கார்டர் தெரியாது. கருவி கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் வேறு ஒயர் போட்டுப் பாருங்கள். நிறைய கோப்புகள் இருந்தால் டெராகாப்பி என்ற இலவச மென்பொருளால் நகலெடுப்பது நல்லது, எடுத்த பிறகு அசலும் நகலும் ஒன்றுதானா என்று அதுவே சரிபார்த்துச் சொல்லும். அப்புறம் தேதி. பேட்டரி இல்லாமல் கிடந்த ரெக்கார்டரில் கடிகாரம் பின்னால் போயிருக்கும், கோப்பில் காட்டும் தேதியை நம்ப முடியாது. எந்த ஊர்க் கோயில் கொடை, எந்த வருஷம், யார் பாடியது என்பதைத் தெரிந்தவர்களிடம் கேட்டுக் கோப்பின் பெயரிலேயே எழுதிவைக்க வேண்டும். தமிழிலேயே எழுதலாம், இன்றைய கணினிகளுக்கு அதில் ஒரு சிரமமும் இல்லை.

போனில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். ஒயர் போட்டு எடுங்கள். கணினிக்கு அனுப்புவதற்காக வாட்ஸ்அப்பில் போடுவதாக இருந்தால் 'டாக்குமென்ட்' என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள், அப்போதுதான் கோப்பு உள்ளது உள்ளபடி போகும். போனை ஸ்பீக்கரில் பாடவிட்டு, இன்னொரு போனில் வாய்ஸ் மெசேஜாகப் பதிந்து அனுப்புவதை எத்தனையோ வீடுகளில் பார்க்கிறேன். அப்படிச் செய்த பதிவில் அறையின் மின்விசிறிதான் முன்னால் கேட்கிறது.

சிக்கல் வருவது, தன் நிறுவனத்தின் மென்பொருள் இல்லாமல் வாயைத் திறக்காத ரெக்கார்டர்களில். 2000களில் நம் ஊர் ஆட்கள் சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வாங்கிவந்த சோனி ரெக்கார்டர்கள் பலவும் டிவிஎஃப், எம்எஸ்வி என்ற வடிவங்களில் பதிந்தன. சில மாடல்கள் கணினியில் டிரைவாகக்கூட வராது. அவற்றோடு ஒரு சிடியில் டிஜிட்டல் வாய்ஸ் எடிட்டர் என்ற மென்பொருள் கொடுத்தார்கள், விண்டோஸ் எக்ஸ்பி காலத்துச் சரக்கு. ஒலிம்பஸ், பிலிப்ஸ் கருவிகளில் டிஎஸ்எஸ் என்ற வடிவம் இருக்கும், அது வக்கீல்களும் டாக்டர்களும் சொல்லச் சொல்ல டைப் அடிப்பதற்காக வந்தது. டிஎஸ்எஸ்ஸின் ஒரு வகையை எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருள் இன்று திறந்து டபிள்யூஏவியாக மாற்றித் தருகிறது. டிவிஎஃப், எம்எஸ்விக்கு அந்த வசதி இல்லை, நிறுவனத்தின் பழைய மென்பொருளைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். இந்த விஷயத்தில் என் யோசனை ஒன்றுதான்: பரணில் பழைய எக்ஸ்பி கம்ப்யூட்டர் கிடந்தால் அதை எடைக்குப் போடாதீர்கள். அந்த மென்பொருள் அதில் சுலபமாக ஓடும், டபிள்யூஏவியாகச் சேமிக்கும் வசதியும் அதிலேயே உண்டு. இணையத்தில் 'எல்லா ஆடியோவையும் மாற்றும்' என்று விளம்பரம் செய்கிற கன்வெர்ட்டர்களில் பல, சோதனைப் பதிப்பு என்ற பெயரில் பாதிவரை மாற்றிவிட்டுப் பணம் கேட்கும். பணம் கட்டுவதற்கு முன் உங்கள் கோப்பு ஒன்று முழுதாகத் திறக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பழக்கமான ஒரு குடும்பத்துக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். அவர்கள் வீட்டுப் பெரியவர் வில்லுப்பாட்டு அண்ணாவி. அவர் கடைசியாகப் பாடிய கொடையில் அவருடைய பேரன் மேடைக்குப் பக்கத்திலேயே ரெக்கார்டரை வைத்து, ராத்திரி முழுக்க மாடன் கதையைப் பதிந்து வைத்திருந்தான். அவர் காலமான பிறகு அந்த ரெக்கார்டரை டவுனில் ஒரு கடையில் கொடுத்துக் கணினிக்கு மாற்றச் சொன்னார்கள். கடைக்காரர் ஹெட்போன் ஒயர் போட்டு, 64 கேபிபிஎஸ் என்ற குறைந்த தரத்தில் எம்பி3யாகப் பதிந்து, ஒரு பென் டிரைவில் கொடுத்தார். கொடுத்ததோடு நிற்காமல், "மெமரி ஃபுல்லாக இருந்தது, கிளீன் செய்துவிட்டேன்" என்று ரெக்கார்டரையும் காலியாக்கித் தந்தார். நான் அந்தப் பென் டிரைவைக் கேட்டேன். வில்லில் வீசுகோல் விழும்போது மணிகள் குலுங்குகிற சத்தம் தண்ணீருக்குள் நடப்பது போலக் கரகரக்கிறது, பின்பாட்டுக்காரர்கள் சேருகிற இடமெல்லாம் நசுங்கிப் போயிருக்கிறது, அடியில் ஒரே சீராக ஒரு ரீங்காரம். அதே ரெக்கார்டரில் இருந்த கோப்பை எடுத்திருந்தால் இதில் எதுவுமே இருந்திருக்காது. அந்தக் கடைக்காரர் கெட்டவர் இல்லை, அவருக்குத் தெரிந்த ஒரே முறை அது. அதே முறையைத்தான் இப்போது உங்கள் பத்திரிகை எல்லா ஊருக்கும் சொல்லியிருக்கிறது, என் ஆதங்கம் அதுதான்.

சிடிக்கு வருகிறேன். கல்யாணக் கச்சேரி, கோயில் நாதஸ்வரம், சர்ச் பாடகர் குழு என்று 2000களில் எல்லாரும் எழுதிக் கொடுத்தது சிடி-ஆர். அதில் இருப்பது சாயப் படலம், வெயில் பட்டால் கெடும், மேலே ஒட்டிய ஸ்டிக்கர் உரிந்தாலும் கெடும். ஆடியோ சிடியில் கீறல் இருந்தால் பிளேயர் அந்த இடத்தை ஊகித்து நிரப்பிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும், நமக்குத் தெரியவே தெரியாது. கணினியில் சாதாரணமாக 'ரிப்' செய்தாலும், அதாவது பாட்டைக் கோப்பாக எடுத்தாலும், அப்படித்தான் நடக்கும். விண்டோஸுக்கு எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, மேக்குக்கு எக்ஸ்எல்டி, லினக்ஸுக்கு சிடிபாரனாய்யா. இவை சந்தேகமான இடத்தைத் திரும்பத் திரும்பப் படித்து, ஒரே விடை வருகிறதா என்று பார்க்கின்றன. எக்ஸாக்ட் ஆடியோ காப்பியில் 'டெஸ்ட் அண்ட் காப்பி' என்று கொடுத்தால் ஒவ்வொரு பாட்டையும் இரண்டு தடவை படித்து, சிஆர்சி என்ற சரிபார்ப்பு எண்கள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் நிம்மதி. மாறினால் எந்தப் பாட்டில், எந்த நிமிஷத்தில் தகராறு என்று அறிக்கையில் எழுதிக் கொடுக்கும். டிஸ்க்கைத் துடைத்துவிட்டு, வேகத்தைக் குறைத்து மறுபடி படிக்கவிட வேண்டும், வேறு டிரைவிலும் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு டிரைவ் கைவிட்ட சிடியை இன்னொரு டிரைவ் சுத்தமாகப் படிப்பது சாதாரணமாக நடக்கிற காரியம். விண்டோஸ் மீடியா பிளேயரில் ரிப் செய்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் பழைய பதிப்புகளில் நகலுக்குப் பூட்டுப் போடுகிற ஒரு டிக் பெட்டி இருந்தது. அதோடு சேமித்த கோப்பு, உரிமம் கூட வராவிட்டால் வேறு கணினியில் பாடாது.

மினிடிஸ்க் வைத்திருப்பவர்கள் நம் ஊரில் குறைவு, வெளிநாட்டில் இருந்து திரும்பியவர்கள் வீட்டில்தான் இருக்கும். ஆனால் கட்டுரையில் அதன் பெயர் வந்துவிட்டதால் சொல்கிறேன். 1992இல் சோனி கொண்டுவந்தது. யூஎஸ்பி வைத்த நெட்எம்டி கருவிகள் வந்த பிறகும்கூட, கணினியிலிருந்து டிஸ்க்குக்குப் பாட்டு ஏற்றத்தான் சோனிக்ஸ்டேஜ் மென்பொருள் விட்டது. மைக் வைத்து நாமே பதிந்ததை டிஸ்க்கிலிருந்து கணினிக்கு எடுக்க விடவில்லை. நம் வீட்டுப் பிள்ளையின் மழலையை நாமே பதிந்திருந்தாலும் அதே பூட்டுதான். 2006இல் வந்த எம்இசட்-ஆர்எச்1 என்ற ஒரு மாடலில்தான் பழைய டிஸ்க்குகளையும் கணினிக்கு எடுக்க வழி வைத்தார்கள், இன்று பழைய சந்தையில் அதன் விலையைக் கேட்டால் தலை சுற்றும். நல்ல வேளையாக ஆர்வலர்கள் சிலர் சேர்ந்து வெப் மினிடிஸ்க் ப்ரோ என்று ஒன்றைச் செய்திருக்கிறார்கள். குரோம் உலாவியிலேயே ஓடும், சோனியின் பல நெட்எம்டி கையடக்கக் கருவிகளிலிருந்து பதிவைச் சுருக்கிய வடிவம் மாறாமல் அப்படியே எடுத்துத் தரும். விண்டோஸில் மட்டும் ஜாடிக் என்ற சின்னக் கருவியால் டிரைவரை மாற்றிக்கொள்ள வேண்டும். டிஸ்க்கைக் கருவிக்குள் போடுவதற்கு முன் அதன் ஓரத்தில் இருக்கும் சின்னத் தாழ்ப்பாளைத் தள்ளித் துளையைத் திறந்துவிடுங்கள், அதன் பிறகு கை தவறினாலும் எதுவும் அழியாது.

டிஏடி என்ற டிஜிட்டல் ஆடியோ நாடாக்கள் ஸ்டுடியோக்காரர்கள் விவகாரம். ஒரே ஒரு வார்த்தை மட்டும்: டிஜிட்டல் வெளியீட்டிலிருந்து ஆப்டிகல் ஒயரில் எடுக்கும்போது சவுண்ட் கார்டின் கடிகாரத்தை வெளியிலிருந்து வருகிற சிக்னலோடு ஒத்துப்போக வையுங்கள், மென்பொருளில் சாம்பிள் ரேட்டை (நொடிக்கு எத்தனை முறை அளந்தது என்ற கணக்கை) நாடாவில் உள்ளபடியே வையுங்கள், 48,000 என்றால் 48,000, 32,000 என்றால் 32,000. சந்தேகம் இருந்தால் ஒரே நாடாவை இரண்டு தடவை எடுத்து, ஆடாசிட்டியில் இரண்டையும் துல்லியமாக ஒன்றின் கீழ் ஒன்று வைத்து, ஒன்றை 'இன்வர்ட்' செய்து, அதாவது அலையைத் தலைகீழாக்கி, கலந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஒன்றையொன்று தின்றுவிட்டு வெறும் நேர்கோடு மிஞ்சும். எங்காவது ஒரு முள் நீட்டிக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் நாடா தடுமாறியிருக்கிறது.

எடுத்த பிறகு எந்த வடிவத்தில் வைப்பது என்பதில் நிறைய பேர் தவறுகிறார்கள். ரெக்கார்டரே எம்பி3யாகப் பதிந்திருந்தால் அந்த எம்பி3தான் அசல், அதை வேறு எதற்கும் மாற்றாமல் வையுங்கள். 'குவாலிட்டி கூடும்' என்று 320 கேபிபிஎஸுக்கு மாற்றினால் இடம்தான் கூடும், ஒலி இன்னும் கொஞ்சம் கெடும். முன்னும் பின்னும் வெட்ட வேண்டியிருந்தால் எம்பி3டைரக்ட்கட் என்ற மென்பொருள் மறுபடி சுருக்காமலே வெட்டித் தரும். டபிள்யூஏவியாக இருந்தால், ஒலி குறையாமல் சுருக்குகிற எஃப்எல்ஏசி வடிவமாக ஆக்கி வைக்கலாம். சிடி தரத்தில் ஒரு மணி நேர ஸ்டீரியோ டபிள்யூஏவி 635 எம்பி வரும், எஃப்எல்ஏசியில் பெரும்பாலும் பாதிக்குப் பக்கத்தில் வந்துவிடும், ஒரு எண்கூடக் குறையாது. உள்ளேயே ஒரு சரிபார்ப்பு எண் இருப்பதால் பத்து வருஷம் கழித்தும் கோப்பு கெட்டிருக்கிறதா என்று சோதிக்க முடியும். ஆடாசிட்டியில் திறந்து சேமிக்கிறவர்கள் 'டிதர்' என்ற அமைப்பை மட்டும் 'நன்' என்று மாற்றிவிட்டுச் செய்யுங்கள், 16 பிட் பதிவை 16 பிட்டாகவே எடுக்கும்போது அது சேர்க்கிற மெல்லிய இரைச்சல் நமக்குத் தேவையில்லை. இரைச்சல் நீக்குவது, சத்தம் கூட்டுவதெல்லாம் நகலில் செய்துகொள்ளலாம், அசலில் கை வைக்கக் கூடாது. அசலுக்கு இரண்டு நகல் வேண்டும், ஒன்று வேறு வீட்டில் இருக்க வேண்டும்.

ஆசிரியருக்கு என் வேண்டுகோள் இதுதான். அதே பக்கத்தில், அதே அளவில் இன்னொரு கட்டுரை போடுங்கள். கேசட்டுக்கு ஒயர், டிஜிட்டலுக்குக் கோப்பு என்று தலைப்பிலேயே தெரியும்படி போடுங்கள். மேலே நான் சொன்ன மென்பொருள்களில் பெரும்பாலானவை வீட்டு உபயோகத்துக்குக் காசில்லாமல் கிடைப்பவை. எந்தத் தளத்தில் உண்மையானது கிடைக்கும் என்பதையும் சேர்த்துப் போட்டால் போலித் தளங்களில் போய் வைரஸ் வாங்கிக்கொண்டு வரமாட்டார்கள். முடிந்தால் ஆடி மாதத்துக்கு முன் போடுங்கள். எங்கள் பக்கத்தில் அப்போது கொடைகள் நடக்கும், புதிதாகப் பதிவதற்கு இடம் வேண்டுமென்று ரெக்கார்டரில் இருக்கும் பழையதை அழிப்பதும் அப்போதுதான்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
பாளையங்கோட்டை.